ஒன்னத் தேடி வந்தா நாந்தான்னு நிப்பேன்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சும்மா உதட்டோரச் சிரிப்பு இல்லை, கையிலிருக்கும் கிளாஸ் ஆடி வேட்டியெல்லாம் டீ சிந்துகிற சிரிப்பு. ஆனால் அது உடனே வராது. அதற்கு முன்னால் ஒரு பெண் ஊரை விட்டுப் போகவேண்டும், அவள் குரல் மட்டும் நான் வரமாட்டேன் என்று பாயில் உட்கார்ந்துகொள்ளவேண்டும், ஒரு அண்டா பாயசம் ஆறி ஆடை கட்டவேண்டும். அதுவரைக்கும் யாரும் பல்லைக் காட்டக்கூடாது. ஒச்சாயியே காட்டவில்லை, மற்றவர்களுக்கு என்ன அவசரம்?

ஊத்துமேட்டுப் பெண்பிள்ளைகள் இல்லத்தில் ஒச்சாயி இருந்த காலத்தில் எந்தச் சத்தத்தையும் நம்பி ஒரு காரியம் செய்யமுடியாது. காப்பாளர் குளோரி அம்மா தொண்டையைக் கனைக்கிறார் என்று கூடமே எழுந்து நின்றால் அங்கே குளோரி அம்மா இருக்கமாட்டார், தூணுக்குப் பின்னால் ஒச்சாயி இருப்பாள். குக்கர் விசில் அடித்துவிட்டது என்று சமையல்கார சீனியம்மாள் அடுப்பை அணைத்தால் பருப்பு கல்லாய்க் கிடக்கும், ஜன்னலுக்கு வெளியே ஒச்சாயி கிடந்து உருளுவாள். தலைமை ஆசிரியர், ரேஷன் கடைக்காரர், மைக் பிடித்து ஓட்டுக் கேட்டுப் போகிறவர், முட்டையிட்ட கோழி, எல்லோரும் அவள் தொண்டையில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தார்கள். வராத குரல் ஒன்றே ஒன்று, அது ஈசுவின் குரல். அதை எடுக்கப் போனால் மட்டும் ஒச்சாயியின் சொந்தக் குரல் வந்து நிற்கும், குளிக்கும்போது கதவு திறந்துகொண்ட மாதிரி அவளுக்கே வெட்கமாகிவிடும்.

ஈசு என்கிற அங்காள ஈஸ்வரியும் ஒச்சாயியும் ஒரே வாரத்தில் இல்லத்துக்கு வந்தவர்கள். கிணறு வெட்டும்போது மண் சரிந்து அப்பன் போன பிள்ளை ஈசு, பஸ் ஸ்டாண்டில் பொரி மூட்டைக்குப் பக்கத்தில் கிடைத்த பிள்ளை ஒச்சாயி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று மேஜைக்காரர், "அப்பா பேரு?" என்று கேட்டார். ஒச்சாயி தனக்குத் தெரிந்த ஒரே பெயரைச் சொன்னாள், "அங்காள ஈஸ்வரி." அவர் நிமிர்ந்து பார்த்து, "சரி, அம்மா பேரு?" என்றார். "அதுவும் அங்காள ஈஸ்வரிதான் சார்." அப்போது பின்னாலிருந்து ஈசு சிரித்தாள். எவர்சில்வர் தட்டைக் கல்தரையில் போட்டால் எப்படி விழும், அப்படி ஆரம்பித்து, அந்தத் தட்டு சுழன்று சுழன்று அடங்குகிற மாதிரி முடிகிற சிரிப்பு. அந்தச் சிரிப்பிலிருந்துதான் பாட்டு பிறந்தது.

பாட்டுக்கு இல்லத்தில் ஒரு வேலை இருந்தது. பிறந்தநாள், கல்யாண நாள், செத்தவர் நினைவு நாள் என்று வெளியாட்கள் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்து வருவார்கள், வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார்கள், பிள்ளைகள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பாடவேண்டும், பாடி முடித்தால்தான் கரண்டி அசையும். முன்பு 'வாழ்க வாழ்க' என்று ஒரு பாட்டு இருந்தது, அதைப் பாடினால் பசியே செத்துவிடும். அதை ஒதுக்கிவிட்டு இவர்கள் இரண்டு பேரும் கட்டியது இது:

*அம்மா பேரு கேட்டா ஒன் பேரச் சொல்லுவேன்,*
*அப்பா பேரு கேட்டாலும் ஒன் பேரச் சொல்லுவேன்,*
*ஒன்னத் தேடி வந்தா நாந்தான்னு நிப்பேன்,*
*நாளைக்கு விடியும், நீ தூங்கு, நான் முழிச்சிருப்பேன்.*

இரண்டாவது அடியில் ஈசு ஒவ்வொரு தடவையும் சிரித்துவிடுவாள். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள், நம்மைத்தான் அப்பா அம்மா என்கிறார்கள் பார் என்று ஒவ்வொருவரும் அந்தப் பாட்டைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது அடியை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அதற்குள் சாம்பார் வாசனை வந்துவிடும்.

கார்த்திகை முடிந்த கையோடு ஈசுவின் சித்தப்பா ரத்தினவேலு வந்தார். சத்தம் போட்டுப் பேசாத மனுஷன், சட்டைப்பையில் சீப்பு, கையில் முறையான காகிதம். "எங்க அண்ணன் ரத்தம், எங்க வீட்டுல வளரட்டும்மா" என்றார். குளோரி அம்மா கையெழுத்துப் போட்டார். ஈசு பஸ் படியில் நின்று கையாட்டிக்கொண்டே போனாள்.

அன்று சாயங்காலம் கூடத்தில் பாட்டு ஆரம்பித்தபோது ஈசுவின் பாயிலிருந்து ஈசுவின் குரல் பாடியது. தூணோரம், உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்திலிருந்து வந்தது, இரண்டாவது அடியில் சிரித்தது, நாலாவது அடியில் வழக்கம்போல மூச்சு வாங்கியது. எல்லோரும் ஒச்சாயியைப் பார்த்தார்கள். அவள் அப்போது அடுப்படியில் முன்கூட்டியே எடுத்த சப்பாத்தியை மென்றுகொண்டிருந்தாள். குளோரி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நாளைக்குக் கொஞ்சம் சுருதி ஏத்திப் பாடும்மா" என்று அந்தப் பாயைப் பார்த்துச் சொன்னார். மறுநாள் ஏத்திப் பாடியது.

அதற்கப்புறம் ஊர் அதைத் தன் வேலைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. எலக்ட்ரீஷியன் வந்து தூணில் டெஸ்டர் வைத்துப் பார்த்து வயர் கோளாறு இல்லை என்று சான்று சொன்னார், பூசாரி வந்து தூணுக்கு மஞ்சள் கயிறு கட்டினார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வந்து கயிறு இருந்தால் இருக்கட்டும் என்று அதன்மேலேயே கைவைத்து ஜெபித்தார், பேச்சு வராத பிள்ளைகளைத் தாய்மார்கள் கொண்டுவந்து அந்தப் பாயோரம் உட்கார்த்தி நாக்கில் தேன் தடவினார்கள், கைரேகை இல்லாத குரலுக்கு அரிசி போடமுடியாது என்று ரேஷன் கடைக்காரர் யாரும் கேட்காமலே அறிவித்தார், திருவிழாக் கமிட்டி மைக்செட்டோடு வந்து பாக்கு வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தது, "அது பாயை விட்டு நகராது" என்று குளோரி அம்மா அனுப்பிவைத்தார். சீனியம்மாள் அந்த இடத்துக்கும் ஒரு இலை போட்டாள். "தொண்டை இருக்குல்ல, அப்ப பசியும் இருக்கும்" என்றாள். அந்த இலையைத் தினமும் நாய்க்கு வைத்ததில் நாய் குட்டிபோடப் போவதுபோல் உருண்டுவிட்டது, அது கடுவன் நாய்.

எதிர்ச்சாரி டீக்கடைத் தவமணி அண்ணனுக்கு இதில் தனிப் பெருமை. "புள்ள போன அன்னிக்கே கொரல் வந்து ஒக்காந்துருச்சு சார். அவ இல்லாததுக்குச் சாட்சி அதுதான்" என்று பஸ்ஸில் இறங்குகிற எவரையும் விடமாட்டார்.

ஒச்சாயி மட்டும் அந்தக் குரலைக் கேட்டுப் பெருமைப்படவில்லை. தை மாதம் குரல் லேசாகக் கம்மியது. பிறகு அடிக்கு நடுவே இருமியது, பஞ்சு அடைத்த மாதிரி வறண்ட இருமல். பேச்சுக் கொடுத்தால் பதில் வராது, பாட்டில் மட்டும்தான் அது வரும், அதனால் ஒச்சாயி பாட்டையே கடிதம் படிப்பதுபோல் கேட்டாள். இன்றைக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. இன்றைக்குச் சிரிப்பே இல்லை. ஊர்க்காரர்களும் கேட்கத்தான் செய்தார்கள். "வெயில் ஏறுதுல்ல, தொண்டை காயும்" என்று தவமணி அண்ணன் பனங்கற்கண்டு கொடுத்தனுப்பினார்.

பங்குனியில் ஒரு சாயங்காலம் குரல் வரவில்லை. மறுநாள் பால் வருகிற நேரத்தில் விறகுக் கொட்டகையில் ஈசு உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது, தலைமுடியெல்லாம் பஞ்சு, இடது கை விரலொன்றில் அழுக்குத் துணி. சித்தப்பா வீட்டில் அவள் இருந்தது இரண்டே ராத்திரி, அதன்பிறகு அவர் கொண்டுபோய் விட்ட நூல் மில் விடுதி, அங்கிருந்துதான் தப்பி வந்திருந்தாள். "ஒச்சு" என்றாள். பாயில் கேட்ட அதே குரல் இப்போது வாயோடு இருந்தது. ஒச்சாயி பதிலுக்கு ஏதாவது செய்து காட்டிச் சிரிக்கவைக்கலாம் என்று கோழி மாதிரி கத்திப் பார்த்தாள். ஈசு சிரிக்கவில்லை. அந்த விரலைப் பார்த்தபிறகு கோழியும் நின்றுவிட்டது.

குளோரி அம்மா கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரையும் கூப்பிட்டார். "நாளைக்குக் குழந்தைகள் நலக் குழு உக்காருது. இவளையும் இவ விரலையும் நேர்ல கொண்டுபோய் நிறுத்திட்டா அப்புறம் யாரும் தொட முடியாது. ஆனா நாளைக்கு வரைக்கும் காகிதம் இவ சித்தப்பா கையில இருக்கு. அவர் வந்து கேட்டா நான் குடுத்தாகணும், ஒளிச்சேன்னு தெரிஞ்சா இல்லத்தையே பூட்டிருவாங்க, நீங்க ஆளுக்கொரு ஊர். புரியுதா? மூச்சு விடக்கூடாது." எல்லோருக்கும் புரிந்தது. ஆளுக்கொரு ஊர் என்பதைவிட அவர்களைப் பயமுறுத்துகிற சொல் எந்த மொழியிலும் கிடையாது.

அன்றைக்கே, பத்து மணி வெயிலில், ரத்தினவேலு வந்தார். வெறும் கையோடு வரவில்லை, ஆட்டோவில் சாப்பாட்டோடு வந்தார், இறக்கிவிட்டு ஆட்டோவை அனுப்பிவிட்டார். "அண்ணன் நினைவு நாள்ம்மா. அவன் மக இருந்த எடத்துல பிள்ளைகளுக்கு ஒருவேளைச் சோறு போடணும்னு தோணுச்சு. மாட்டேன்னு சொல்லிராதீங்க." எந்த இல்லத்திலும் சோற்றோடு வந்தவரைத் திருப்பியனுப்ப வழியில்லை. வரும் வழியில் தவமணி கடையில் டீ குடித்திருந்தார், கேட்கவேண்டியதெல்லாம் கேட்டிருந்தார். குரல் பாயில் இருந்தால் பெண் இங்கே இல்லை. குரல் பாயில் இல்லையென்றால் பெண் வந்துவிட்டாள். போலீஸும் வேண்டாம், தேடவும் வேண்டாம், ஒரு பாட்டுக் கேட்டால் போதும்.

ஈசுவைக் கூடத்தை ஒட்டிய ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே தள்ளத்தான் நேரமிருந்தது, அதற்குக் கதவு கிடையாது, வெறும் நிலைதான். ரத்தினவேலு ஒரு ஃப்ளெக்ஸ் கொண்டுவந்திருந்தார், அண்ணன் படம் ஆளுயரத்துக்கு, மேலே 'நினைவஞ்சலி', கீழே தன் பெயர் இன்னும் பெரிதாக. சுவரெல்லாம் பார்த்துவிட்டு ஆணி இருக்கிற இடம் அந்த நிலைதான் என்று அங்கேயே தன் கையால் இழுத்துக் கட்டினார். மகளை அப்பன் படத்தால் மூடிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கரண்ட் இல்லை. கூடத்தில் காற்று அசையவில்லை. ஆனால் ஃப்ளெக்ஸ் அசைந்தது, செத்துப்போனவர் நெஞ்சு ஏறி இறங்குகிற மாதிரி மெதுவாக உள்ளே போய் வெளியே வந்தது. ஒச்சாயி அதைப் பார்த்துவிட்டாள். பார்க்காதே பார்க்காதே என்று தன் கண்ணுக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஏற்பாடு இதுதான்: எல்லோரும் உரக்கப் பாடவேண்டும், அந்தக் கும்பலுக்குள் ஒச்சாயி ஈசுவின் பாயைப் பார்த்துக் குரலை எறியவேண்டும். காலையிலிருந்து கிணற்றடியில் பழகிப் பார்த்ததில் அவளுக்கு வந்தது காக்காய்க் கரைச்சல்தான். இருந்தாலும் கும்பலில் ஒரு காக்காய் தெரியாது என்று நம்பினார்கள். இலை போட்டாயிற்று. தண்ணீர் வைத்தாயிற்று. பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள்.

"இருங்கம்மா" என்று ரத்தினவேலு ஒரு விரலை உயர்த்தினார். "நீங்க பாடவேணாம். அந்தக் கொரல் மட்டும் பாடட்டும். எங்க அண்ணன் மக கொரல். கேட்டு நாளாச்சு."

அவர் கண் வரிசையாக வந்து ஒரு முகத்தில் நின்றது. "நீதான ஒச்சாயி? கடையில சொன்னாங்க. கோழியெல்லாம் கூவுவியாமே?"

"கோழி கூவாது மாமா, கொக்கரிக்கும்" என்றாள் ஒச்சாயி. வாய் கேட்கவில்லை, அதுவாகச் சொல்லிவிட்டது.

"கெட்டிக்காரிதான். அந்தத் தண்ணிய எடு. வாய் நெறையா வெச்சுக்க. முழுங்கக்கூடாது." அவர் குரலில் கோபமே இல்லை, பிள்ளைக்கு மருந்து கொடுப்பதுபோல் இருந்தது. அவள் வாய் நிறைந்ததும் சுற்றிலும் பார்த்தார். "ஒருத்தி மட்டும் என்னத்துக்கு? எல்லாரும் வெச்சுக்கங்க. சும்மா வெளையாட்டுதான். டீச்சரம்மா, நீங்களும்" என்று குளோரி அம்மா பக்கம் கையைக் காட்டினார்.

கூடம் முழுக்கக் கன்னங்கள் உப்பின. கடைசி வரிசையில் சின்னவள் வேணிக்கு மூக்கு ஒழுகியது, உறிஞ்சினால் தண்ணீர் உள்ளே போகும், உறிஞ்சாவிட்டால் மூக்கு உதட்டுக்கு வரும், அவள் கண்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பக்கத்திலிருந்தவள் தோள் குலுங்கத் தொடங்கியது. வேறு நாளாக இருந்திருந்தால் ஒச்சாயி புருவத்தை ஒருமுறை தூக்கியே மொத்த வரிசையையும் வெடிக்கவைத்திருப்பாள். இன்றைக்கு அவள், யாரும் சிரித்துவிடக்கூடாது சாமி, யாரும் சிரித்துவிடக்கூடாது என்று பூசாரியின் சாமியையும் பாஸ்டரின் சாமியையும் சேர்த்துக் கும்பிட்டாள். ஒரு வாய் வெடித்தால் எல்லா வாயும் வெடிக்கும், அப்புறம் பாயில் குரலில்லை என்பது வெட்டவெளிச்சம். பாயசம் ஆடை கட்டியது. ஃப்ளெக்ஸ் உள்ளே போனது, வெளியே வந்தது. ரத்தினவேலு அந்தப் பாயையே பார்த்தார். பிறகு சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டு, வந்த காரியம் முடிந்தவர்போல எழுந்தார்.

*அம்மா பேரு கேட்டா ஒன் பேரச் சொல்லுவேன்.*

பாயிலிருந்துதான் வந்தது. தூணோரம், அதே உயரம், அதே கம்மல். ரத்தினவேலு அப்படியே உட்கார்ந்தார். ஒச்சாயி தண்ணீரை விழுங்கிவிடாமல் கன்னத்தை இறுக்கிக்கொண்டாள், ஏனென்றால் அவள் வாய் மூடியிருந்தது, ஆனால் தொண்டைக்குழி அதிர்ந்தது, வண்டு ஒன்று உள்ளே மாட்டிக்கொண்ட மாதிரி. அவள் ஒன்றும் செய்யவில்லை. கண்ணை மட்டும் திருப்பினாள். வேணியின் தொண்டைக்குழியும் அதிர்ந்தது. அந்த வரிசை, அடுத்த வரிசை, சமையற்கட்டு வாசலில் சீனியம்மாள், நாற்காலிக்குப் பின்னால் குளோரி அம்மா, எல்லாத் தொண்டையும் ஒன்றுபோலத் துடித்தது, ஒரு வாயும் திறக்கவில்லை. ஒருத்தியால் எடுக்கமுடியாத குரலை எல்லோருமாகத் தூக்கிக்கொண்டிருந்தார்கள், கனமான அண்டாவை ஆளுக்கொரு காது பிடித்துத் தூக்குவதுபோல. இரண்டாவது அடி வந்தது, மூன்றாவது அடி வந்தது, நாளைக்கு விடியும் என்று முடிந்தது.

"சிரிக்கலியே" என்றார் ரத்தினவேலு.

யாருக்கும் வாயில்லை.

"ரெண்டாவது அடியில சிரிக்கும்னு கடைக்காரர் சொன்னாரே. இது சிரிக்கலியே டீச்சரம்மா."

குளோரி அம்மா பொய் சொல்லி ஒச்சாயி பார்த்ததில்லை. அவர் தண்ணீரை விழுங்கினார், உதட்டைத் துடைத்தார். "அவ அப்பா நினைவு நாள் சார் இன்னிக்கு. அப்பா பேரு வர்ற அடியில இன்னிக்குமா அந்தப் பிள்ளை சிரிக்கும்?"

ரத்தினவேலு ஃப்ளெக்ஸைப் பார்த்தார். அண்ணன் படம் இவரையே பார்த்தது. தலையைக் குனிந்துகொண்டு, "பரிமாறுங்க" என்றார். அவரும் சாப்பிட்டார். ரசத்துக்கு மறுசோறு வாங்கிக்கொண்டார். இலையைவிட்டு எழுந்து கைகழுவி, ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து, செருப்பை மாட்டின பிறகு திரும்பினார். "அந்த ஃப்ளெக்ஸை அவுத்துக்கறேன். வீட்டுல மாட்டலாம்" என்று நேராக நிலைக்குப் போய் மேல்முடிச்சை அவிழ்த்தார். ஒரு மூலை மடிந்து தொங்கியது. மூட்டையோரம் ஒரு பாவாடை நுனி தெரிந்தது, ஒச்சாயிக்குத் தெரிந்தது, அவர் இன்னும் இரண்டாவது முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டுக்கு வெளியே பஸ் ஹாரன் அடித்தது. மத்தியான வேடசந்தூர் பஸ்ஸின் ஏர் ஹாரன், சினிமா மெட்டு மாதிரி இழுத்து முடிகிற அதே ஹாரன், அதன் பின்னாலேயே கண்டக்டர், "வேடசந்தூரு, வேடசந்தூரு, ஏறு ஏறு ஏறு!" அதை விட்டால் பொழுது சாயத்தான் அடுத்தது. ரத்தினவேலு முடிச்சை அப்படியே போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். சீனியம்மாள் இரண்டே எட்டில் மூலையைத் தூக்கிக் கட்டினாள். ஒச்சாயி தூணுக்குப் பின்னாலிருந்து வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, துவைக்கிற கல்மேல் ஏறிச் சுற்றுச்சுவருக்கு வெளியே பார்த்தாள்.

சாலையில் புழுதி கூட இல்லை.

"பஸ்ஸா?" என்றார் தவமணி. "இன்னும் வரலியே சார். ஒக்காருங்க, டீ போடறேன். கொரல் கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்று ரத்தினவேலு பெஞ்சில் உட்கார்ந்தார். டீயை வாங்கி ஊதினார். சுவருக்கு மேலே ஒச்சாயியின் இரண்டு கண் மட்டும் இருந்தது. அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் எல்லோருக்கும் நடப்பதுதான் அவருக்கும் நடந்தது, அவரறியாமல் உதடு அதை முணுமுணுத்தது. அம்மா பேரு கேட்டா. ஒரு மடக்கு குடித்தார். அப்பா பேரு கேட்டாலும். இன்னொரு மடக்கு. ஒன்னத் தேடி வந்தா நாந்தான்னு...

கிளாஸ் பாதிவழியில் நின்றது. அந்த அடியை அவர் மறுபடி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். யார் யாரைத் தேடி வந்தது? யார் நான்தான் என்று நின்றது? உப்பின கன்னங்கள் அவர் கண்ணில் வந்தன, அந்தக் கன்னங்களுக்குக் கீழே தொண்டைக்குழிகள். தண்ணீரை எல்லாம் பார்த்தவர் தொண்டையைப் பார்க்கவில்லை. இல்லத்தை நோக்கித் திரும்பி எழுந்தார். ஒச்சாயியின் கண்ணும் அவர் கண்ணும் சுவர்மேல் முட்டிக்கொண்டன. "அடிப்பாவிகளா, அவ உள்ளதான் இருக்கா!" என்று ஊரைக் கூட்டிக் கத்த வாயைத் திறந்தார்.

சிரிப்பு வந்தது.

எவர்சில்வர் தட்டு கல்தரையில் விழுந்த மாதிரி, சீப்பு வைத்த சட்டைப்பை குலுங்க, டீ சிந்தி வேட்டியெல்லாம் நனைய, மத்தியானம் பாயில் வராமல் போன சிரிப்பு ரத்தினவேலுவின் வாயிலிருந்து வந்து, சுழன்று சுழன்று, அடங்கியது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். கையை எடுத்துவிட்டு, "யோவ், நான் சொல்றதக் கேளு, அவ உள்ளதான் இருக்கா" என்றார். அதுவும் பதினைந்து வயதுப் பெண்ணின் கம்மின குரலாக இருந்தது.

தவமணி அண்ணன் ஆச்சரியப்படவில்லை. அதையெல்லாம் மார்கழியிலேயே பட்டு முடித்திருந்தார். ஆற்றிக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு, துண்டால் கையைத் துடைத்து, ரத்தினவேலுவின் தலையை வாஞ்சையாகத் தடவினார்.

"ஆமா தாயி, உள்ளதான் இருக்க. இத்தன நாள் பாயில ஒக்காந்து கால் மரத்துருச்சா, இன்னிக்குக் கடைக்கு வந்துட்டியா? ஏய், எல்லாரும் வாங்கப்பா, நம்ம ஈசு பேசுது!" கடைக்குள்ளிருந்தும் சைக்கிள் கடையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். "சொல்லு தாயி, என்ன வேணும்? பொறை தரவா?"

ரத்தினவேலு சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். எல்லா முகமும் அவரைப் பாசத்தோடு பார்த்தது. போலீசிடம் போனாலும், மில்லுக்குப் போன் போட்டாலும், நாளைக்குக் குழுவுக்கு முன்னால் போய் நின்றாலும், இந்த வாய் எந்தக் குரலில் பேசும் என்று அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது.